ஈரக்காற்றில் சிலும்பும் முடி: ஆறு மாதக் கவனிப்பின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

முடி பராமரிப்பு ஆலோசனைக்காக என்னிடம் வந்த ஒரு பெண்ணைப் பற்றிய பதிவு இது. அவருடைய ஒப்புதலைப் பெற்றே எழுதுகிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன். ஆறு மாதங்கள் தொடர்ந்து கவனித்ததில் நான் சரியாகக் கணித்தவையும் உண்டு, தவறாகக் கணித்து அவருடைய தொல்லையை மூன்று வாரம் கூட்டியதும் உண்டு. அந்தத் தவற்றை மறைத்துவிட்டால் இதைப் படிப்பவர்களுக்குப் பாதிப் பயன்கூட இருக்காது என்பதால் இரண்டையும் எழுதுகிறேன்.

அவருக்கு வயது 36. வகுப்பறையில் நின்று பாடம் நடத்தும் வேலை. பத்தாண்டுகளுக்கு மேல் வறண்ட காற்றுள்ள உள்நாட்டு நகரம் ஒன்றில் வாழ்ந்தவர், பணிமாற்றத்தால் கடலோரத்துக்குக் குடிவந்து நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. முன்பிருந்த ஊரில் வாரத்துக்கு மூன்று முறை 210 டிகிரி செல்சியஸில் ஸ்ட்ரெய்ட்னர் போட்டு முடியை நேராக்கிக்கொள்வார். அது இரண்டு நாள் வரை கலையாமல் நிற்கும். கடலோரத்துக்கு வந்த பிறகு, அதே வெப்பத்தில் அதே நேரம் செலவழித்து நேராக்கிய முடி, வீட்டை விட்டு இறங்கிய அரை மணி நேரத்துக்குள் உச்சியில் சிலிர்த்தும் கீழ்ப்பகுதியில் பஞ்சுபோல் உப்பியும் நின்றது. எனவே ஸ்ட்ரெய்ட்னரை நாள்தோறும் போடத் தொடங்கினார். வியர்வையும் அழுக்கும்தான் காரணம் என்று எண்ணி நாள்தோறும் ஷாம்பு போட்டுத் தலைக்குக் குளித்தார். நேரமாகிவிடும் நாள்களில் ஈர முடியையே ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டி, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார். ஒன்றரை ஆண்டுக்கு முன் முடியின் கீழ்ப்பகுதியை வெளுத்துப் பழுப்புச் சாயம் ஏற்றியிருந்ததை நான் கேட்ட பிறகுதான் சொன்னார்; அது முடிந்துபோன பழைய செய்தி என்றே அவர் நினைத்திருந்தார்.

அவரை என்னிடம் வரவைத்தது முடியின் நிலையைவிட, பணியிடத்தில் மூத்தவர் ஒருவர் பலர் முன்னிலையில், "தலையைக் கொஞ்சம் வாரிக்கொண்டு வரக் கூடாதா?" என்று கேட்டதுதான். நம் மொழியில் 'பரட்டைத் தலை' என்பது வசவாகவே புழங்குகிறது. சீப்புப் படாத தலை, தன்மேல் அக்கறையில்லாத ஆள் என்ற பொருள் அந்தச் சொல்லிலேயே ஒட்டியிருக்கிறது. காலையில் 40 நிமிடத்தைத் தலைக்காகவே ஒதுக்கிய ஒருவர், தன்னுடைய கவனக்குறைவால்தான் இப்படி ஆகிறது என்று நம்பத் தொடங்கியிருந்தார். அதனால் என் குறிப்புகளில் 'சிலும்புதல்' என்ற சொல்லை மட்டுமே பயன்படுத்தினேன், அவரிடம் பேசும்போதும் அதையே சொன்னேன்.

முதல் நாள் கண்டவை

எந்தப் பொருளும் பூசாமல், முந்தைய நாள் குளித்த தலையோடு வரச் சொல்லியிருந்தேன். முடியின் நீளம் உச்சியிலிருந்து ஏறத்தாழ 45 செ.மீ. தலைத்தோலில் படையோ, சிவப்போ, வட்டமான உதிர்வோ இல்லை; இருந்திருந்தால் என் வேலை அங்கேயே நின்று, தோல் மருத்துவரிடம் அனுப்பியிருப்பேன். நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு என்பதற்குள்ளேயே அவருடைய உதிர்வும் இருந்தது.

சிலும்பலைப் பார்த்தவுடன் 'வறட்சி' என்று எழுதிவிடும் பழக்கம் எங்கள் தொழிலில் பலருக்கும் உண்டு, எனக்கும் இருந்தது. ஆனால் சன்னல் வெளிச்சத்தில் பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்த்தபோது அவருடைய தலையில் மூன்று இடங்களில் மூன்று விதமான சிலும்பல் இருந்தது தெரிந்தது.

முதலாவது, உச்சியிலும் நெற்றியோரத்திலும் குத்திட்டு நின்ற குட்டை முடிகள். புதிதாக முளைத்து வளரும் முடியின் நுனி ஊசிபோல் மெலிந்து முடியும். உடைந்த முடியின் நுனி மொட்டையாகவோ, தூரிகைபோல் பிரிந்தோ இருக்கும். 30 மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் 40 குட்டை முடிகளைப் பார்த்ததில் 13 மட்டுமே கூர்நுனி கொண்டவை. மற்ற 27-உம் உடைந்தவை. உடைந்தவற்றின் நீளம் பெரும்பாலும் 9 முதல் 11 செ.மீ. வரை இருந்தது. இந்த ஒற்றுமை எனக்கு உறுத்தியது, ஆனால் அன்று அதன் பொருள் பிடிபடவில்லை.

இரண்டாவது, சாயம் ஏறிய கீழ் 20 செ.மீ. மேல்பகுதி முடிக்கற்றையின் மீது ஒரு துளி நீர் விட்டால் அது சில நொடிகள் உருண்டு நின்றது. கீழ்ப்பகுதியில் விட்ட துளி உடனே பரவி உள்ளே இழுக்கப்பட்டது. முடியைக் குவளை நீரில் போட்டு மிதக்கிறதா மூழ்குகிறதா என்று பார்க்கும் சோதனையைவிட இதையே நான் நம்புகிறேன், ஏனெனில் மிதப்பதும் மூழ்குவதும் முடியில் ஒட்டியிருக்கும் எண்ணெய், காற்றுக் குமிழி ஆகியவற்றால் எளிதில் மாறிவிடும்.

மூன்றாவதை அவரே எதிர்பார்க்கவில்லை. முடியை நனைத்து, கண்டிஷனர் தடவி, சீப்பால் சிக்கெடுத்துவிட்டுக் கை படாமல் விட்டபோது, நடுப்பகுதி முடி 3 அல்லது 4 செ.மீ. அகல அலைகளாகத் தானே கூடிக்கொண்டது. பதினெட்டு வயதிலிருந்து ஸ்ட்ரெய்ட்னர் போட்டு வந்தவருக்குத் தன்னுடையது அலை முடி என்பதே தெரிந்திருக்கவில்லை. அலை முடியைக் காய்ந்த நிலையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பிரஷால் வாரினால், சேர்ந்து நிற்க வேண்டிய இழைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பிரிந்து உப்பும். சிலும்பலை அடக்க அவர் செய்த வாரலே சிலும்பலை வளர்த்துக்கொண்டிருந்தது.

ஈரப்பதம் முடிக்குள் என்ன செய்கிறது

பின்னர் எடுத்த முடிவுகளுக்கெல்லாம் அடிப்படை என்பதால் இதைச் சற்று விரித்து எழுத வேண்டியிருக்கிறது.

முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அந்தப் புரத இழைகளை ஒன்றோடொன்று பிணைப்பவற்றில் டைசல்ஃபைடு பிணைப்புகள் உறுதியானவை. தண்ணீரால் அவற்றை ஒன்றும் செய்ய முடியாது. ஹைட்ரஜன் பிணைப்புகளோ எண்ணிக்கையில் ஏராளம், வலுவில் குறைவு. நீர் புகுந்தால் அவிழும், காய்ந்தால் அந்த நேரத்தில் முடி எந்த வடிவில் இருக்கிறதோ அந்த வடிவிலேயே மீண்டும் பூட்டிக்கொள்ளும். ஸ்ட்ரெய்ட்னர் அவிழ்த்து நேரான வடிவில் மீண்டும் பூட்டுவது இந்த இரண்டாம் வகைப் பிணைப்புகளைத்தான். வறண்ட ஊரில் அவை அவிழ வழியில்லை. கடற்காற்றில் அரை மணி நேரம் போதும், முடி தன் இயல்பான அலைக்குத் திரும்பத் தொடங்கிவிடும். அதுவும் எல்லா இழைகளும் ஒரே வேகத்தில் திரும்புவதில்லை, அதனால்தான் அலையாகவும் இல்லாமல் நேராகவும் இல்லாமல் குழம்பி நிற்கிறது. ஸ்ட்ரெய்ட்னரின் வெப்பத்தை எவ்வளவு கூட்டினாலும் இந்த இயல்பு மாறாது என்பதை அவருக்குப் புரியவைக்கவே முதல் சந்திப்பின் பெரும்பகுதி செலவானது.

முடி ஈரத்தை இவ்வளவு நுட்பமாக உணரும் என்பதை வைத்தே ஒரு கருவி செய்யப்பட்டிருக்கிறது. சுவிட்சர்லாந்து அறிவியலாளர் ஒராஸ் பெனடிக்ட் டி சோசூர் 1783-இல் வெளியிட்ட தம் நூலில் விளக்கிய ஈரமானியில் அளவுகோலாக இருந்தது மனித முடிதான். முற்றிலும் வறண்ட காற்றிலிருந்து நீராவி நிறைந்த காற்றுக்குக் கொண்டுசென்றால் முடியின் நீளம் 2 விழுக்காட்டுக்குச் சற்று மேல் கூடும். பருமனோ 15 விழுக்காடு அளவுக்குப் பெருக்கும். தன் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு நீரை அது உள்ளே வாங்கிக்கொள்ளும். இதை அவரிடம் சொன்னபோது, "அப்படியென்றால் என் முடி கெட்டுப்போகவில்லை, காற்றை அளந்துகொண்டிருக்கிறது" என்றார். நடுப்பகுதியைப் பொறுத்தவரை அது முழு உண்மை.

கீழ்ப்பகுதியில் நிலைமை வேறு. சேதமடையாத முடியின் புறச்செதில்கள் மீது 18-மெத்தில் ஐகோசனாயிக் அமிலம் என்ற கொழுப்புப் படலம் வேதிப் பிணைப்பால் ஒட்டியிருக்கும். நீரை விலக்குவதும், இழைக்கும் இழைக்கும் இடையே உராய்வைக் குறைப்பதும் அதுவே. வெளுக்கப் பயன்படும் காரத்தன்மையுள்ள பெராக்சைடு கலவை அந்தப் படலத்தைப் பெயர்த்துவிடுகிறது, முடிக்கு அதைத் திரும்ப உண்டாக்கிக்கொள்ளும் ஆற்றல் இல்லை. அதன் பின் அந்தப் பகுதி நீரைக் கட்டுப்பாடின்றி வாங்கும், செதில்கள் நிமிர்ந்து ஒன்றையொன்று கொக்கிபோல் பற்றிக்கொள்ளும். துளிநீர்ச் சோதனையில் நாங்கள் பார்த்த வேறுபாடு இதுதான்.

முதலில் எடுத்த முடிவுகள்

அன்று ஐந்து மாற்றங்களைச் சொல்லி அனுப்பினேன். நாள்தோறும் ஷாம்பு என்பதை மூன்று நாளுக்கு ஒருமுறை என்று குறைப்பது, ஷாம்பு தலைத்தோலில் மட்டும் படும்படி தேய்ப்பது, ஸ்ட்ரெய்ட்னரை நிறுத்துவது, காய்ந்த முடியை வாராமல், கண்டிஷனர் தடவிய ஈர முடியை மட்டும் அகன்ற பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுப்பது, குளித்தபின் கழுவாமல் விடும் கிரீம் ஒன்றைத் தாராளமாகப் பூசுவது. கடைசி மாற்றத்துக்கு நான் தேர்ந்த கிரீமின் பொருள்பட்டியலில் நீருக்கு அடுத்தபடியாக இருந்தது கிளிசரின். முடிக்கு ஈரம் போதவில்லை, ஈரத்தைப் பிடித்துவைக்கும் பொருள் வேண்டும் என்ற எண்ணத்தில் அதைத் தேர்ந்தேன்.

முடியின் அளவு குறையட்டும் என்று தின்னிங் கத்தரியால் நடுநடுவே வெட்டிவிடும்படி அவர் கேட்டார். அதற்கு நான் இசையவில்லை. அந்தக் கத்தரி கற்றைக்குள் குட்டை முடிகளை உண்டாக்குகிறது, ஈரக்காற்றில் நீண்ட முடிகளின் பாரம் இல்லாத குட்டை முடிகளே முதலில் எழுந்து நிற்கும். ஏற்கெனவே உடைந்த குட்டை முடிகள் ஏராளமாக உள்ள தலையில் வெட்டி மேலும் சேர்ப்பது ஒருபோதும் சரியாகாது.

மூன்றாம் வாரப் பின்னடைவு

இரண்டாம் வார இறுதியில் அவர் அழைத்தார். வீட்டிலும் ஏ.சி. அறையிலும் முடி மென்மையாக இருக்கிறது, வெளியே இறங்கினால் முன்பைவிட அதிகமாக உப்புகிறது, தொட்டால் பிசுபிசுக்கிறது, மாலையில் சிக்கு எடுக்க முடியவில்லை என்றார். "ஒரு பத்து நாள் பழகட்டும்" என்றேன். சொல்லியிருக்கக் கூடாத வார்த்தை அது. மூன்றாம் வாரம் நேரில் வந்தபோது எடுத்த படத்தை முதல் நாள் படத்தோடு வைத்துப் பார்த்ததில், கீழ்ப்பகுதி தெளிவாகவே மோசமாகியிருந்தது.

ஐந்து மாற்றங்களை ஒரே நாளில் செய்யச் சொன்னதால் எது பயன் தந்தது, எது கெடுத்தது என்று பிரித்தறிய வழியில்லாமல் போயிற்று. எனவே அன்றிலிருந்து தலையை வகிட்டால் இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் கிரீமோடும் மறுபக்கம் அது இல்லாமலும் மூன்று நாள் இருக்கச் சொன்னேன். ஒரே சன்னல், ஒரே தூரம், ஒரே நேரம். வெளியே போய்வந்த பிறகு படம். கூடவே சிறிய ஈரமானி ஒன்றையும் வைத்துக்கொண்டோம். அவருடைய வகுப்பறையில் 50 விழுக்காடு காட்டிய ஈரப்பதம், வெளி வாசலில் 85-ஐத் தொட்டது. ஒரு நாளில் ஏழெட்டு முறை அவர் இந்த இரண்டுக்கும் இடையே போய்வந்தார்.

மூன்றாம் நாள் படத்தில் கிரீம் பூசிய பக்கம் மறுபக்கத்தைவிட வெளிப்படையாக உப்பியிருந்தது. காரணம் கிளிசரின். நீரைக் காற்றிலிருந்து இழுப்பது அதன் இயல்பு. 80 விழுக்காட்டைத் தாண்டிய ஈரப்பதத்தில் அது தன் எடைக்கு ஏறக்குறைய நிகரான நீரைப் பிடித்துக்கொள்ளும். மிதமான காற்றில் நன்மை செய்யும் பொருளை, ஏற்கெனவே கட்டுப்பாடின்றி நீரை வாங்கும் வெளுத்த முடியின் மீது, கடலோரக் காற்றில் தாராளமாகப் பூசச் சொன்னது என் பிழை. அவருக்குத் தேவைப்பட்டது நீரைத் தடுக்கும் படலம். நான் கொடுத்தது நீரை அழைக்கும் பொருள்.

அதே சந்திப்பில்தான் முதல் நாள் உறுத்திய 9 முதல் 11 செ.மீ. என்ற அளவும் விளங்கியது. அவர் வெயிலில் வந்திருந்ததால் பேசிக்கொண்டே பழக்கத்தில் முடியை எடுத்துப் பின்னால் ரப்பர் பேண்ட் போட்டார். உச்சியின் மயிர்க்காலிலிருந்து அந்த ரப்பர் பேண்ட் வரை அளந்தேன்: 10 செ.மீ. உச்சியில் உடைந்த முடிகளில் பெரும்பாலானவை ரப்பர் பேண்ட் இறுக்கிய அதே இடத்தில்தான் ஒடிந்திருந்தன. நனைந்த முடி அதிகம் நீளும், எளிதில் அறும். அதை இறுக்கிக் கட்டி, மேலே ஹெல்மெட் அழுத்த, நாள்தோறும் ஒரே இடத்தில் உராய்வு. எந்த கிரீமும் எந்த சீரமும் இதைச் சரிசெய்திருக்காது.

திருத்திய வழிமுறை

இனி வாரத்துக்கு ஒரு மாற்றம் மட்டுமே என்று முடிவு செய்தோம். அடுத்ததைத் தொடங்குமுன் படம் பார்க்க வேண்டும்.

முதல் மாற்றம் ரப்பர் பேண்ட். துணி சுற்றிய தளர்ந்த பட்டைக்கு மாறுவது, கட்டும் உயரத்தை நாளுக்கு நாள் மாற்றுவது, ஈரமாக ஒருபோதும் கட்டாமல் இருப்பது. செலவும் உழைப்பும் மிகக் குறைந்த இந்த மாற்றமே ஆறு மாத இறுதியில் மிகப் பெரிய வேறுபாட்டைக் காட்டியது.

அடுத்து கிரீமை நிறுத்திவிட்டு, கீழ்ப்பகுதிக்கு மட்டும் டைமெதிக்கோன் என்ற சிலிக்கோன் உள்ள சீரம். சிலிக்கோன் முடியைக் கெடுக்கும் என்று கேள்விப்பட்டிருந்ததால் அவர் தயங்கினார். பெயர்ந்துபோன கொழுப்புப் படலத்தின் இடத்தில் நீரை விலக்கி உராய்வைக் குறைக்கும் ஒரு பூச்சு வேண்டும், சிலிக்கோன் அந்த வேலையைச் செய்கிறது, ஆனால் முடியைக் குணப்படுத்துவதில்லை, கழுவும் வரைதான் இருக்கும் என்று உள்ளபடி விளக்கினேன். கண்டிஷனரிலும் பெஹென்ட்ரைமோனியம் குளோரைடு போன்ற நேர்மின்னூட்டம் கொண்ட பொருள் முன்வரிசையில் உள்ளதைத் தேர்ந்தோம். சேதமடைந்த முடியின் பரப்பில் எதிர்மின்னூட்டம் மிகுதி என்பதால், எங்கே தேவை அதிகமோ அங்கே அது கூடுதலாக ஒட்டும். ஷாம்பு பி.எச். (அமில, காரத்தன்மையின் அளவு) 5.5 அல்லது அதற்குக் கீழே உள்ளதாக மாறியது, ஏனெனில் காரத்தன்மை கூடினால் முடியின் எதிர்மின்னூட்டமும் உராய்வும் கூடும்.

குளிக்குமுன் அரை மணி நேரம் கீழ்ப்பகுதிக்குத் தேங்காய் எண்ணெய் தடவும் யோசனை அவருடையது. நான் உடனே ஒப்புக்கொண்டேன். 2003-இல் வெளியான ஓர் ஆய்வு தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டு, கழுவும்போது முடியிலிருந்து புரதம் இழக்கப்படுவதைத் தேங்காய் எண்ணெய் மட்டுமே குறிப்பிடத்தக்க அளவு குறைத்ததாகக் காட்டியது; அதிலுள்ள லாரிக் அமிலத்தின் சிறிய, நேரான மூலக்கூறு முடிக்குள் புகக்கூடியது. ஆனால் குளித்த பிறகு மேலே எண்ணெய் வழிய வைத்துக்கொண்டு வெளியே போவதை நிறுத்தச் சொன்னேன், அதனால் இழைகள் கனத்துப் பிசுபிசுத்ததைத் தவிர அவருக்கு வேறு பயன் கிடைக்கவில்லை.

உலர்த்தும் முறையே மிகக் கடினமான மாற்றமாக இருந்தது. சொரசொரப்பான துண்டால் தேய்த்துத் துவட்டுவதை விட்டு, பழைய பருத்திப் பனியனால் ஒற்றி எடுப்பது எளிது. ஈர முடியில் விரல்நுனியளவு ஜெல் தடவி, அலைகள் கூடியதும் கை வைக்காமல், ஹேர் டிரையரை, காற்றைப் பரப்பிவிடும் டிஃப்யூசரோடு மிதமான வெப்பத்தில் தள்ளிப் பிடித்து, முழுதும் காய்ந்த பிறகே வீட்டை விட்டு இறங்குவது என்பது அவருடைய காலை நேரத்தையே மாற்றி அமைக்க வேண்டிய செயல். ஹைட்ரஜன் பிணைப்புகள் பூட்டிக்கொள்வது உலர்வின் கடைசிக் கட்டத்தில். முக்கால் பங்கு காய்ந்த தலையோடு கிளம்பினால் மீதிக் கால் பங்கின் வடிவத்தைத் தெருக்காற்றும் ஹெல்மெட்டும் தீர்மானித்துவிடும். இந்தக் காரணம் புரிந்த பிறகு அவர் தலைக்குக் குளிப்பதை மாலைக்கு மாற்றிக்கொண்டார். நான் நினைத்துப் பார்க்காத தீர்வு அது, என் யோசனையைவிடச் சிறந்ததும்கூட. ஜெல்லில் உள்ள பாலிமர் காய்ந்து மெல்லிய உறையாக முடியைச் சுற்றி நிற்பதால், முதலில் முடி விறைப்பாகத் தோன்றும். இரண்டு சொட்டு சீரத்தை உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டு மெதுவாகக் கசக்கினால் விறைப்புப் போய் அலை மட்டும் நிற்கும்.

ஐந்தாம் வாரத்தில், அவரே கேட்டுக்கொண்டதால், நுனி பிளந்திருந்த கீழ் 6 செ.மீ. வெட்டப்பட்டது.

ஸ்மூத்தனிங் பற்றிய கேள்வி

எட்டாம் வாரத்தில் முக்கியமான நிகழ்ச்சி ஒன்றை முன்னிட்டு, கெரட்டின் ட்ரீட்மென்ட் என்ற பெயரில் செய்யப்படும் நேராக்கலைச் செய்துகொள்ளலாமா என்று கேட்டார். உடன் பணியாற்றும் ஒருவருக்கு அது நன்றாக அமைந்திருந்ததாம். தடுக்கும் உரிமை எனக்கில்லை, தெரிந்ததைச் சொன்னேன்.

இவ்வகைக் கலவைகள் பலவற்றில் ஃபார்மால்டிஹைடோ, சூடாக்கும்போது அதை வெளிவிடும் மெத்திலீன் கிளைக்காலோ இருக்கிறது. ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை முதல் பிரிவில் வகைப்படுத்தியிருக்கிறது. அதற்கு மாற்றாக வந்த கிளையாக்சிலிக் அமிலக் கலவைகளைப் பயன்படுத்திய பிறகு சிறுநீரகம் திடீரெனப் பாதிக்கப்பட்ட நிகழ்வுகளும் 2024 வாக்கில் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. இவை தவிர, வெளுத்த முடியின் மீது உயர் வெப்பத்தில் மீண்டும் மீண்டும் ஸ்ட்ரெய்ட்னர் இழுக்க வேண்டியிருக்கும். இரண்டு நாள் யோசித்துவிட்டு வேண்டாமென்று அவரே முடிவு செய்தார்.

நிகழ்ச்சி நாளில் மட்டும் ஸ்ட்ரெய்ட்னர் போட்டுக்கொள்வது என்று உடன்பட்டோம்: முடி முழுதும் காய்ந்திருக்க வேண்டும், 165 டிகிரிக்கு மேல் போகக் கூடாது, ஒரு கற்றைக்கு ஒரே இழுப்பு. ஈரமிருக்கும் முடியில் சூடான கருவி பட்டால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகிக் குமிழிகளை உண்டாக்கி முடியைத் துளைத்துவிடும். 125 டிகிரியில் ஒரு நிமிடம் பட்டாலே இது நேரக்கூடும். அன்று காற்றின் ஈரப்பதம் 80-க்கு மேல் இருந்ததால் மூன்று மணி நேரம்தான் நேராக நின்றது. அவர் அதை எதிர்பார்த்தே போயிருந்தார்.

ஆறு மாத முடிவில்

பணியிடத்தில் நடுவே ஓய்வறைக்குப் போய்த் தலையைத் திருத்த வேண்டியிருந்த நாள்களை அவர் தம் குறிப்பேட்டில் குறித்து வந்தார். முதல் மாதம் 22 வேலை நாள்களில் 19. ஆறாம் மாதம் 21 நாள்களில் 5. அந்த ஐந்து நாள்களும் மழையோ, மழைக்கு முந்தைய புழுக்கமோ இருந்தவை. உச்சியில் உடைந்திருந்த முடிகள் மாதத்துக்கு ஏறத்தாழ 1 செ.மீ. வளர்ந்து, மற்ற அலைகளோடு சேர்ந்து படியத் தொடங்கின. புதிதாக 10 செ.மீ. உயரத்தில் உடைந்தவை லென்ஸில் அரிதாகவே தென்பட்டன. காலையில் தலைக்குச் செலவான 40 நிமிடம் 10 நிமிடமாயிற்று, குளிக்கும் மாலைகளில் மட்டும் முக்கால் மணி நேரம்.

நடுவில், பதினான்காம் வாரத்தில், முடி சோர்ந்து பளபளப்பின்றித் தொங்கியது. சீரமும் ஜெல்லும் படிந்து சேர்ந்ததுடன், குளிக்கும் கடினநீரின் கால்சியமும் காரணமாக இருக்கலாம் என்று எண்ணி, கால்சியத்தைப் பிணைத்து அகற்றும் இ.டி.டி.ஏ. கலந்த ஆழ்சுத்த ஷாம்புவை மாதம் ஒருமுறை சேர்த்தோம். ஒரே குளியலில் சரியானது.

நெற்றியோரச் சிலும்பல் தீரவில்லை. அங்குள்ள முடி இயல்பிலேயே மெலிந்தது, வியர்வை படுவது. ஈரப்பதம் 85-ஐத் தாண்டினால் எதைப் பூசினாலும் எழுந்து நிற்கிறது. அவர் அதை ஏற்றுக்கொண்டார். நான்தான் இன்னும் கொஞ்ச நாள் விதவிதமான ஜெல்களை முயன்றுகொண்டிருந்தேன். "இது இருக்கட்டும், என் அம்மாவுக்கும் இப்படித்தான் இருக்கும்" என்று அவர் சொன்ன பிறகே நிறுத்தினேன்.

மீண்டும் தொடங்குவதாக இருந்தால்

முதல் சந்திப்பிலேயே, எப்படிக் கட்டுகிறீர்கள் என்று கேட்டு, கட்டிக் காட்டச் சொல்லியிருப்பேன். உடைந்த முடியின் நீளத்தை அளந்து கையில் வைத்திருந்தும், அதற்கு விளக்கம் கிடைக்க மூன்று வாரம் ஆனது, அதுவும் அவர் தற்செயலாகக் கட்டியதால். இப்போது வருபவர்களை வழக்கம்போலத் தலையைக் கட்டிக்கொண்டே வரச் சொல்கிறேன், அவிழ்ப்பதற்கு முன் கட்டின் இடத்தை அளந்துவிடுகிறேன்.

கிளிசரின், தேன், புரொப்பலீன் கிளைக்கால் என ஈரத்தை இழுக்கும் எந்தப் பொருளையும், அவர் வாழும் இடத்தின் ஈரப்பதம் தெரியாமல் பரிந்துரைக்க மாட்டேன். தெரிந்தாலும் பாதித் தலையில் மூன்று நாள் பார்த்த பிறகுதான் முழுத் தலைக்கு. ஒரே நாளில் ஐந்து மாற்றங்களைச் சொல்லவும் மாட்டேன். அவர் தொலைபேசியில் சொன்ன மூன்று அறிகுறிகளும், வெளியே மட்டும் உப்புவது, பிசுபிசுப்பு, மாலைச் சிக்கு, காரணத்தை அப்போதே காட்டிக்கொடுத்தன. பழகட்டும் என்று சொன்னதற்குப் பதிலாக இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருந்தால் ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும்.

வெளுத்த பகுதியில் இன்னும் 14 செ.மீ. மீதமிருக்கிறது. மொத்தமாக வெட்டிவிட்டால் சிலும்பலின் பெரும்பகுதி அன்றே போய்விடும் என்று சொன்னேன். நீளத்தை இழக்க விருப்பமில்லை, வளர வளர மாதம் 1 செ.மீ. வெட்டிக்கொள்கிறேன் என்றார். அந்தக் கணக்கில் ஓராண்டுக்குச் சற்று மேல் ஆகும். அதுவரை சீரம் கீழ்ப்பகுதிக்கு மட்டும் என்பதும், மாதம் ஒருமுறை லென்ஸில் உச்சியைப் பார்ப்பது என்பதும் தொடர்கின்றன.